சனிக்கிழமை மூன்று மணிக்குக் கவர் பிரிக்கப்படும்

சங்கரலிங்கம் பதினெட்டு வருஷமாக டெண்டர் பிரிக்கிறவர். தன் மேஜையைத் தாண்டாமல் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஒரு போல்ட்டு நட்டுகூடப் போக முடியாது என்று சொல்வார். அவர் மட்டும்தான் சொல்வார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் மகள் சந்திராவின் பிளஸ் டூ முடிவு வந்தது. ஆர்ட்ஸ் குரூப்பில் அவள்தான் பள்ளியில் முதல். பி.ஏ. வரலாறு படிக்கப்போவதாகச் சொன்னாள். திருச்சியில். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கல்லூரி ஒன்றின் விவரப் புத்தகம் அவளிடம் இருந்தது. அதில் நூலகத்தின் படம். அலமாரிமேல் ஏணி சாய்த்திருந்தது. புத்தகம் எடுக்க ஏணி வேண்டியிருக்கிற இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. புரட்டிப் புரட்டி அந்தப் பக்கம் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

ஒரே இடத்தில் விலை கேட்டு வாங்குவது சங்கரலிங்கத்துக்கு ஆகாது. குறைந்தது மூன்று இடம். சீப்பு வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குவார். பெண் பார்க்கப் போனபோதும் மூன்று வீடு பார்த்த பிறகுதான் பதில் சொன்னார். அதற்குள் இரண்டாவது வீட்டில் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. மூன்றாவது வீட்டுப் பெண்ணான தனபாக்கியம் எல்லாரிடமும் சொல்வாள்.

ஆகவே மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போயிற்று. சென்னையில் பேர்போன ஒன்று. திருச்சி. விருத்தாசலத்தில் அரசுக் கல்லூரி. முதலாவது அப்பாவுக்காக, இரண்டாவது தனக்காக, மூன்றாவது கணக்குக்காக என்று சந்திரா தன் தோழியிடம் சொன்னாளாம்.

விண்ணப்பங்கள் போன மறுநாள் சங்கரலிங்கம் ஒரு முழுநீளத் தாளைக் குறுக்கே திருப்பி வைத்து அடிக்குச்சியால் கட்டம் போட்டார். ஆபீசில் இதற்கு கம்பாரிட்டிவ் ஸ்டேட்மென்ட் என்று பேர். யார் என்ன விலை சொல்கிறார்கள், சரக்கு எப்படி, வந்து சேரும் கூலி எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எதை வாங்கலாம் என்று கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது. கன்வேயர் பெல்ட்டுக்குப் போடுகிற அதே கட்டங்களைத்தான் போட்டார். கல்லூரிச் சம்பளம், விடுதி, சாப்பாடு, டிரங்குப் பெட்டி. 'நெய்வேலி வந்து சேரும் கூலி' என்ற கட்டத்தில் மகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற பஸ் செலவு. உடைந்தால் மாற்றித் தருவார்களா என்ற கட்டத்தை மட்டும் கோடு போட்டு அடித்தார். அந்த அளவுக்கு விவேகம் இருந்தது.

சரக்கின் தரத்தை எப்படி அளப்பது என்பதில்தான் இரண்டு நாள் போயிற்று. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். எத்தனை பேரை ஒரு கல்லூரி வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறதோ அத்தனைக்கு அது உயர்ந்தது. திருச்சி விண்ணப்பத்தின் வரிசை எண்ணைப் பார்த்து அறுநூறு பேர் போடுவார்கள் என்று வைத்தார். இடம் நாற்பது. திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஐந்நூற்று அறுபது. சென்னைக் கணக்கைத் தனபாக்கியத்தின் ஒன்றுவிட்ட தம்பி எழுதியிருந்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. விருத்தாசலத்தில் தொண்ணூறுகூடத் தேறவில்லை. தொண்ணூறு என்று தாராளமாக வைத்தார். பிறகு வருஷச் செலவை அந்த எண்ணால் வகுத்தார். ஒரு ஆளைத் திருப்பி அனுப்ப ஆகிற செலவு சென்னையில் இரண்டு ரூபாய். திருச்சியில் ஐந்து. விருத்தாசலத்தில் ஆறு.

மூன்றில் அதிகச் செலவு கேட்கும் கல்லூரியே மலிவு என்று வந்தது. எங்கோ இடித்தது. கணக்கை மறுபடி போட்டார். வகுத்தல் சரியாகத்தான் இருந்தது.

தாளை ஆபீசுக்குக் கொண்டுபோய் குஞ்சிதபாதத்திடம் காட்டினார். குஞ்சிதபாதம் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அக்கவுண்ட்ஸ் பிரிவு. சங்கரலிங்கம் அனுப்பும் ஃபைல்களில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். டீ ஆறுகிறவரை தாளைப் பார்த்தார்.

"அப்ப ஒருத்தரையுமே சேத்துக்காத காலேஜ் ஒண்ணு இருந்தா, அதாங்க சார் ரொம்ப மலிவு" என்றார்.

சங்கரலிங்கம் அதையும் ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். பிற்பாடு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அந்த ஒரு கணத்துக்காகவே தன்னைச் செருப்பால் அடிக்கலாம் என்று சேர்த்துக்கொள்வார்.

குஞ்சிதபாதம் தாளைத் திருப்பித் தரவில்லை. கீழே விரல் வைத்தார். "இதுல ஒரு கையெழுத்து கொறையுதுங்க. சாமான் கேட்ட டிபார்ட்மென்ட்டு கையெழுத்து எங்க?"

இது ஆபீஸ் சமாசாரம் இல்லையே என்றார் சங்கரலிங்கம்.

"பெல்ட்டுக்கு மைன்ஸ்காரன் கையெழுத்து இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடறேனா இல்லியா? இது யாரு கேட்ட சாமான்? படிக்கப்போறது நீங்களா?"

சங்கரலிங்கம் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கையெழுத்து கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். எல்லா விலையும் வரட்டும்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி முதல் பதில் வந்தது. விருத்தாசலம். தபால் அட்டை. தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை பத்து மணிக்குச் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆதிலட்சுமிக்கும் அது கேட்டது. பாப்பாவுக்கு எடம் கெடைச்சுட்டுதா என்று வேலியோரம் வந்து விசாரித்தாள்.

சங்கரலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. மூடாமல், ஒட்டாமல், ஊரே படிக்கிற மாதிரி வருகிற விலைக்கு ஆபீசில் மதிப்பு கிடையாது. சீல் இல்லாத டெண்டரைப் பார்த்தவுடன் தள்ளிவிட வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் விருத்தாசலத்துக்கு நேரே சிவப்பு மையால் 'சீல் இல்லை' என்று எழுதினார். அட்டையைத் தனபாக்கியம் மிளகுப்பொடி டப்பாவின் அடியில் வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை. யாரும் தேடவில்லை.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து கவர் வந்தது. நீளமான பழுப்புக் கவர். நன்றாக ஒட்டி, மடிப்பின் மேல் கல்லூரி முத்திரையும் குத்தியிருந்தார்கள். இதுதான் முறை என்று சங்கரலிங்கம் சந்தோஷப்பட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார்.

சந்திரா பீரோவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கவரில் தன் பேர்தான் இருக்கிறது என்று சொன்னாள்.

சென்னையிலிருந்தும் வரட்டும் என்றார். ஒன்றை முதலில் பிரித்தால் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு மற்றதைப் படிக்கிற கண் நேர்மையாக இருக்காது. இருபத்தைந்தாம் தேதி கடைசி நாள். சனிக்கிழமை, மூன்று மணிக்கு, வந்த கவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிக்கலாம். வராதது வராததாகவே போகட்டும்.

"அதுல தேதி எதுவும் போட்டிருந்தா?" என்று கேட்டாள் சந்திரா.

டெண்டர் என்றால் தொண்ணூறு நாள் செல்லும். சங்கரலிங்கத்தைப் பொறுத்தவரை சூரியன் கிழக்கே உதிப்பது போல அது. விலை சொன்னவன் மூன்று மாசம் அந்தச் சொல்லில் நிற்க வேண்டும். அதை மகளுக்கு விளக்கினார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தரம் மூன்று மணிக்குப் பிரிக்க வேண்டிய கவரைப் பத்து நிமிஷம் முன்னதாகப் பிரித்துவிட்டு மெமோ வாங்கியதையும் சொன்னார். அந்த மெமோவை அவர் பத்திரமாக வைத்திருந்தார். எங்கே? அதே பீரோவில்.

தனபாக்கியம் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "வந்த கடுதாசியப் பூட்டி வச்ச ஆள நான் இப்பத்தான் பாக்குதேன். எங்கப்பா ஒங்க கடுதாசிய இப்படிப் பூட்டி வச்சிருந்தா எனக்கும் விடிஞ்சிருக்கும்."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பார்வையாளருக்குப் பேச உரிமை கிடையாது.

அந்த ஒரு வாரம் சந்திரா பீரோவைத் தொடவில்லை. சாவி ஆணியில்தான் தொங்கியது. பிரித்திருக்கலாம். அப்பாவுக்குத் தெரியாமல் கெட்டில் ஆவியில் காட்டி ஒட்டைப் பெயர்க்கத் தெரியாத பெண் இல்லை. ஆனால் அவள் சங்கரலிங்கத்தின் மகள். விதி விதிதான் என்று அவர்தான் சொல்லி வளர்த்திருந்தார். இதை நினைக்கும்போதுதான் பிற்பாடு அவருக்குச் சிரிப்பு நின்றுபோகும்.

இருபத்துநான்காம் தேதி சென்னைக் கவர் வந்தது.

சனிக்கிழமை இரண்டே முக்காலுக்குக் குஞ்சிதபாதம் வந்தார். அக்கவுண்ட்ஸ் பிரதிநிதி இல்லாமல் டெண்டர் பிரிக்கக் கூடாது. தனபாக்கியம் கேசரி கிளறியிருந்தாள். சந்திரா குறிப்பெடுக்க நோட்டோடு உட்கார்ந்தாள். சங்கரலிங்கம் பீரோவைத் திறந்து இரண்டு கவர்களையும் மேஜைமேல் வைத்து, ஒட்டு கலையவில்லை என்று எல்லாருக்கும் காட்டினார். மூன்றடிக்க நாலு நிமிஷம் இருந்தது. காத்திருந்தார்கள்.

முதலில் சென்னை. இரண்டு வரி. இடமில்லை, வருந்துகிறோம். கட்டத்தில் கோடு போட்டார். ஆளுக்கு இரண்டு ரூபாய் வீதம் தன் மகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அப்போது தோன்றவில்லை. ஒரு வகையில் நிம்மதிகூட. பாக்கி திருச்சிதான். சந்திரா கேட்டதும் அதுதான். முறையும் பிசகவில்லை, பிள்ளை ஆசையும் நிறைவேறிற்று.

கத்திரியால் ஓரம் வெட்டிக் கடிதத்தை மகளிடம் கொடுத்தார். வாசிக்கச் சொன்னார்.

சந்திரா வாசித்தாள். பி.ஏ. வரலாறு, தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்பதுவரை குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அடுத்த வரியையும் அதே வேகத்தில் தொடங்கிவிட்டாள். இருபத்திரண்டாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடும் கட்டணத்தோடும் வர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

குஞ்சிதபாதம் சுவரில் இருந்த தேதிக் காலண்டரைப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்தது.

சந்திரா கடிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டாள். எழுந்துபோய் முகம் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்க் கழுவினாள். கேசரியை யாரும் தொடவில்லை.

தனபாக்கியம் ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கேசரிச் சட்டியை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் திருச்சிக்குப் போனார்கள். நாடு உலகக் கோப்பையை வென்ற வாரம் அது. பஸ்ஸில் டிரைவர் முதல் கடைசி சீட்வரை கிரிக்கெட்டைப் பற்றியே பேச்சு. ஊரெல்லாம் ஜெயித்த வாரத்தில் சொந்த வீட்டில் கோப்பையைப் பூட்டி வைத்துத் தோற்ற ஒரே ஆள் தான்தான் என்று சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று தயார் செய்தார். தபால் தாமதம். நல்ல காரணம். ஆபீசில் கடைசி நேரம் தாண்டி வருகிற ஒவ்வொரு கான்ட்ராக்டரும் சொல்கிற காரணம். அவர்கள் சொல்லும்போது அவர் பேசாமல் கவரைத் திருப்பி, பின்பக்கம் தபாலாபீஸ் முத்திரையில் தேதியைப் பார்ப்பார்.

முதல்வர் ஒரு கன்னியாஸ்திரி. தடித்த கண்ணாடி. உட்காரச் சொன்னார். கவரை வாங்கினார். தபால் ரொம்ப லேட்டு சிஸ்டர் என்று சங்கரலிங்கம் ஆரம்பித்தார்.

சிஸ்டர் கவரைத் திருப்பினார்.

நெய்வேலி முத்திரை. பதினேழு.

அந்த இடத்தில் சங்கரலிங்கத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பது சங்கரலிங்கமே என்று பட்டது. பொய்யை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். மூன்று விலை, சீல், மூன்று மணி, எல்லாம். சொல்லச் சொல்ல, அது தன் வாயிலிருந்து வருகிறதா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. ஆபீசில் சரியாக இருந்தது. இந்த அறையில் ஒரு வரிகூடச் சரியாக இல்லை.

சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"அன்னிக்குப் பன்னிரண்டு மணிவரைக்கும் வச்சிருந்தோம் சார். மூணு தடவை பேரைக் கூப்பிட்டோம். அதுக்கப்புறம்தான் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தோம். அவளும் பணம் கட்டிச் சேர்ந்துட்டா."

"என் பேரையா கூப்பிட்டாங்க?" என்று சந்திரா கேட்டாள். அறைக்குள் வந்ததிலிருந்து அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

ஆமாம் என்றார் சிஸ்டர். வராந்தாவில் நின்று சத்தமாகவே கூப்பிட்டோம் என்றார்.

பேர் கூப்பிட்ட அந்தப் புதன்கிழமை காலையில் சந்திரா, திருச்சிக்குப் போகும்போது கட்டிக்கொள்ள என்று வெளிர்நீலப் புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். சங்கரலிங்கம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று ஆபீசுக்குப் போனார். இப்போதும் அதே புடவையில்தான் வந்திருந்தாள்.

விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே சார், உங்களுக்கே தெரியும் என்று சிஸ்டர் எழுந்து கை கூப்பினார். குரலில் கோபம் இல்லை. கெஞ்ச இடமும் இல்லை. பதினெட்டு வருஷமாகச் சங்கரலிங்கம் பழகி வைத்திருந்த குரல். இவ்வளவு நாளும் அதை அவர் கேட்டதில்லை, பேசியது மட்டும்தான்.

வெளியே வரும் வழியில் நூலகம். கதவு திறந்திருந்தது. ஏணி படத்தில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. சந்திரா நின்று பார்த்தாள். சங்கரலிங்கம் போகலாம் என்று சொல்லவில்லை. அவசரமில்லாதவர் போல வாட்சைக் கழற்றிச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ் பெண்ணாடம் தாண்டிற்று. பிறகு சந்திரா கேட்டாள்: "அப்பா, அந்த ஸ்டேட்மென்ட் இருக்கா?"

இருந்தது. மானம் போன இடத்துக்கும் அதை மடித்து எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார். பேனாவையும் கேட்டாள். தாளை மடியில் விரித்து, அடியில், கட்டமே இல்லாத இடத்தில் கையாலேயே ஒரு கட்டம் போட்டாள். பஸ் ஆட்டத்தில் கோடு வளைந்தது. நிதானமாக எழுதினாள். எழுதி முடித்துக் கைப்பையைத் திறந்து ஒரு தபால் அட்டையை எடுத்துத் தாளோடு சேர்த்துக் கொடுத்தாள். மிளகுப்பொடி வாசனை அடித்தது.

அவர் படித்தார்.

'மூன்றில் இரண்டு இல்லை. ஒன்று அவர்கள் தள்ளியது. ஒன்று நாம் தள்ளியது. பாக்கி ஒன்று. சீல் இல்லை, தேதி இருக்கிறது. ஏற்கப்படுகிறது. சந்திரா, கேட்ட பிரிவு.'

சங்கரலிங்கம் பிழை தேடினார். பழக்கம். ஒன்றும் அகப்படவில்லை. அவர் ஆபீசில் இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் குறிப்பு எழுதியதில்லை. அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். தேதி போட்டார். வாட்சைப் பார்த்து நேரமும் போட்டார். பேனாவை மூட முடியாமல் கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எம்.ஏ.க்கு வர்ற கவரை நான் பிரிச்சுக்கறேன்" என்றாள்.

சரி என்றார்.

"பிரிச்சிட்டு ஒங்களுக்குச் சொல்றேன்."

அதற்கும் சரி என்றார்.

புதன்கிழமை பத்து மணி என்று அட்டையில் இருந்தது. ஒன்பதுக்கே போய்விடுவோம் என்றாள் சந்திரா. எதுக்கும் எட்டு என்றார் சங்கரலிங்கம். தனபாக்கியம் நாலரைக்கு இட்லி வைத்தாள். அவர்கள் விருத்தாசலத்தில் கல்லூரி வாசலில் போய் நின்றபோது மணி ஏழு. வெளிக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே வாட்ச்மேன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் கம்பி வழியே தபால் அட்டையை நீட்டிக் காட்டினார். கொஞ்சம் முன்னதாகத் திறந்துவிட முடியுமா, பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று கேட்டார்.

வாட்ச்மேன் அட்டையை வாங்கவே இல்லை. "நேரத்துக்கு முன்ன தொறக்கறது இல்லீங்க. மெமோ குடுத்துடுவாங்க" என்றார்.

சந்திரா அப்பாவைப் பார்த்தாள். சங்கரலிங்கம் ரோட்டில் போகும் மாட்டு வண்டியைப் பார்த்தார். வண்டி போய் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.